நீல மாத்திரையும் கட்டன் சாயாவும்: பழங்குடிப் பெண்பிள்ளைகளின் உடல்நலம், கேள்வி பதில்

நீலகிரியில் கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பணியர், குறும்பர், காட்டுநாயக்கர் பழங்குடிக் குடியிருப்புகளில் பல வருடமாக ஊட்டச்சத்து வேலை பார்க்கிறேன். வளரிளம் பெண்களைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

பள்ளி ஆசிரியை: வாரம் ஒருநாள் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறோம். வாயில் அடக்கிவைத்து, வெளியே போய்த் துப்பிவிடுகிறார்கள். என்ன செய்வது?

எந்த நேரத்தில் கொடுக்கிறீர்கள்? காலை என்றால் பாதிப் பேர் வெறும் வயிற்றோடு வந்திருப்பார்கள். அந்த மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது, குமட்டத்தான் செய்யும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்படவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இதைச் சொல்லாமல் விட்டு, ஒரு பிள்ளை பயந்துபோய் அடுத்த வாரம் வகுப்பு முழுக்கத் துப்பியதைப் பார்த்திருக்கிறேன். அப்புறம், ஆண்டுக்கு 2 முறை தரும் குடற்புழு மாத்திரையை விட்டுவிடாதீர்கள். வெறுங்காலில் நடக்கும் பிள்ளைகளுக்குக் கொக்கிப்புழு இருந்தால், கொடுக்கிற இரும்பெல்லாம் அதற்குத்தான் போகும்.

அங்கன்வாடிப் பணியாளர்: 15 வயதுப் பெண், ஹீமோகுளோபின் 8.5. மூன்று மாதம் இரும்பு மாத்திரை சாப்பிட்டும் ஏறவில்லை. அடிக்கடி கை கால் வலி என்று அழுகிறாள். வீட்டில் வாதம் என்கிறார்கள்.

மாத்திரையை இப்போதைக்கு நிறுத்திவிட்டு, நாளைக்கே அவளைச் சிக்கில் செல் என்கிற பரம்பரை ரத்த நோய்க்கான பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். இந்த வயதில் 12-க்குக் கீழே இருந்தாலே ரத்தசோகைதான், ஆனால் எல்லாச் சோகைக்கும் இரும்புக் குறைவே காரணம் என்று சொல்லமுடியாது. இந்தியாவில் சிக்கில் செல் முதன்முதலில் கண்டறியப்பட்டது 1952-இல், இதே நீலகிரிப் பழங்குடி மக்களிடம். அப்படியிருந்தும் இன்னும் 'வாதம்' என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது எனக்குத் தீராத எரிச்சல்.

இந்த நோயில் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து சீக்கிரமே உடைந்துபோகின்றன. உடைந்த அணுவின் இரும்பு உடம்புக்குள்ளேயேதான் இருக்கும். ரத்தம் ஏற்றிக்கொள்கிறவர்களுக்கு அது அளவுக்கு மீறிச் சேர்ந்து கல்லீரலைக் கெடுக்கும். அதனால் இரும்பு உண்மையிலேயே குறைவு என்று பரிசோதனையில் தெரிந்தால்தான் இரும்பு மாத்திரை. ஃபோலிக் அமிலம் கட்டாயம் தேவைப்படும். சிக்கில் செல் இருக்கிறதா என்று பார்க்க முதலில் கரைதிறன் சோதனை என்ற எளிய ரத்தப் பரிசோதனை செய்வார்கள். அதில் நோய் இருப்பதுபோல் வந்தால் ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக்காட்டும் ஹெச்.பி.எல்.சி. சோதனை உறுதி செய்யும். வலி அடிக்கடி வந்தால் ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை உண்டு, மருத்துவர் முடிவு செய்வார்.

வீட்டில் செய்யவேண்டியது: நிறையத் தண்ணீர், குளிரில் கம்பளி. மலையில் குளிர் என்று பிள்ளைகள் தண்ணீரே குடிப்பதில்லை, வலி கிளம்ப அதுவே போதும்.

'கேரியர்', அதாவது அம்மா அப்பாவில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்த மரபணு வந்தவள் என்று முடிவு வந்தால் பயமில்லை, அவள் நோயாளி கிடையாது, நீல மாத்திரையும் சாப்பிடலாம். ஆனால் பரிசோதனை முடிவு எழுதித் தரும் சிக்கில் அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். அம்மா அப்பா இருவருமே கேரியராக இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு உண்டு, கல்யாணப் பேச்சின்போது அட்டை வேண்டும்.

ஒரு அம்மா: ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் அரிசி கலந்திருக்கிறது. களையும்போது மிதக்கிறது. பொறுக்கிப் போட்டுவிடுகிறேன். சரிதானே?

ஐயோ, பொறுக்காதீர்கள் அம்மா! அது அரிசி மாவோடு இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அரிசி மாதிரியே செய்த மணி. நூறு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு கலந்திருப்பார்கள். வீட்டில் சிக்கில் நோய் உள்ளவர் இருந்தால் மட்டும் இதைப் பற்றி மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

தேயிலைத் தோட்டத் தொழிலாளி: மகள் காலையில் கட்டன் சாயா (பால் சேர்க்காத டீ) மட்டும் குடித்துவிட்டுப் பள்ளிக்குப் போகிறாள். ராத்திரி சோறும் சாயாவும். ரத்தம் கம்மி என்கிறார்கள்.

சாயாவை விடச் சொன்னால் நடக்காது, எனக்கே முடியாது. சாப்பாட்டுக்கும் சாயாவுக்கும் நடுவில் ஒரு மணி நேரம் விடுங்கள், அவ்வளவுதான். தேயிலையில் உள்ள டானின், கீரையிலும் ராகியிலும் இருக்கும் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும், உடம்பில் சேரவிடாது. நெல்லிக்காய் அதற்கு நேர் எதிர், சோற்றோடு ஒன்று கடித்தால் இரும்பு நன்றாகச் சேரும். காலைக்கு ராகிக் கூழ் கொடுங்கள். 100 கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அரிசி பக்கத்திலேயே வராது.

விடுதியில் படிக்கும் 9-ஆம் வகுப்பு மாணவி: வயல் நண்டும் தகரைக் கீரையும் சாப்பிடுவோம் என்று சொன்னதற்குக் கூடப் படிக்கிறவர்கள் சிரிக்கிறார்கள். அது நல்ல சாப்பாடு இல்லையா அக்கா?

நல்ல சாப்பாடுதான் கண்ணு. விடுதியில் தினமும் கிடைக்கிற சோறு, சாம்பாரில் இல்லாத பி12 அந்த நண்டில் இருக்கிறது. லீவுக்குப் போகும்போது வயிறாரச் சாப்பிட்டு வா. இரண்டே விஷயம் பார்த்துக்கொள்: பூச்சிமருந்து அடித்த வயலில் நண்டும் கீரையும் எடுக்கவேண்டாம். நண்டை அரைகுறையாகச் சுட்டுத் தின்னாதே, நுரையீரலைத் தாக்கும் ஒரு புழு அதில் இருக்கலாம், குழம்பில் நன்றாகக் கொதிக்கவிடு.