ஜெர்மானியம் டையோடில் பட்டை இடைவெளி 1.6 வருகிறதே, ஏன்?

வேலூரில் பி.எஸ்சி. படிக்கும் நீங்கள் கேட்டிருப்பது இரண்டு. எண்ணெயில் வைத்த டையோடின் ரிவர்ஸ் கரன்டை (தலைகீழாக இணைத்தால் கசியும் சிறு மின்னோட்டம்) வெவ்வேறு சூட்டில் அளந்து, அதன் மடக்கையை 1000/T-க்கு (T கெல்வினில் வெப்பநிலை) எதிராக வரைந்து, கோட்டின் சரிவிலிருந்து பட்டை இடைவெளி காணும் சோதனை இது. 0.7 எலக்ட்ரான் வோல்ட் வர வேண்டிய இடத்தில் 1.6 ஏன் வருகிறது? ஆற்றல் பட்டை படிகத்துக்குள் எங்கே இருக்கிறது?

கால்குலேட்டரில் 'லாக்' பட்டனுக்குப் பதில் 'எல்.என்.' தட்டியிருப்பீர்கள். சரிவைப் பெருக்கும் 0.198, பத்தடி மடக்கைக்கானது. இயல் மடக்கைக்கு 0.0862. உங்கள் 1.6-ஐ 2.303-ஆல் வகுத்துப் பாருங்கள்.

இரண்டாவது கேள்விக்கு: எங்கேயும் இல்லை. பாடநூலில் பட்டைகளை வரைந்திருக்கும் படத்தின் செங்குத்து அச்சு ஆற்றல், உயரமல்ல. தனி அணுவில் ஆற்றல் மட்டங்கள் தனித்தனிக் கோடுகள். ஒரு கன செ.மீ. ஜெர்மானியத்தில் சுமார் 4.4×10²² அணுக்கள், அவை நெருங்கி உட்கார்ந்ததும் ஒவ்வொரு கோடும் அத்தனையாகப் பிரிந்து, இடைவெளி தெரியாமல் பட்டையாகிறது. (படிகத்துக்குள் எலக்ட்ரான் அலையை விவரிக்கும் ப்ளாக் தேற்றம் எங்கே என்று சண்டைக்கு வராதீர்கள், இது முதலாமாண்டுக்கான பதில்.) எலக்ட்ரான்கள் நிறைந்த கீழ்ப் பட்டைக்கும் ஏறத்தாழ காலியான மேல் பட்டைக்கும் நடுவே எந்த எலக்ட்ரானுக்கும் இடமில்லாத ஆற்றல் வீச்சுதான் இடைவெளி: அறை வெப்பத்தில் ஜெர்மானியத்துக்கு 0.66, சிலிக்கானுக்கு 1.12 எலக்ட்ரான் வோல்ட்.

அறை வெப்பம் தரும் ஆற்றலோ 0.026தான். ஆனாலும் மிகச் சில எலக்ட்ரான்கள் தாண்டிவிடும். சூடு ஏற ஏற அந்த எண்ணிக்கை மடங்கு மடங்காகப் பெருகும். ரிவர்ஸ் கரன்ட் காட்டுவது அதைத்தான். 40 டிகிரியில் 5 மைக்ரோ ஆம்பியர் என்றால் 80-இல் ஏறத்தாழ 95. மடக்கை வித்தியாசம் 1.279, 1000/T வித்தியாசம் 0.362 (T கெல்வினில்), சரிவு 3.53, 0.198-ஆல் பெருக்கினால் 0.70.

ரிவர்ஸ் வோல்டேஜை ஒரே அளவில் வையுங்கள், ஒன்றரை வோல்ட் போதும். எண்ணெயை 80 வரை சூடாக்கி, அடுப்பை அணைத்து, ஆறும்போதுதான் ரீடிங். ஏறும்போது எடுத்தால் டையோடும் தெர்மாமீட்டரும் ஒரே சூட்டில் இருக்காது. தெர்மாமீட்டர் குமிழ் டையோடை ஒட்டியே இருக்கட்டும். கண்ணாடி டையோடில் பெயின்ட் உரிந்திருந்தால் வெளிச்சமும் கரன்ட் தரும். துணி போட்டு மூடுங்கள். அக்னி நட்சத்திரத்தில் நம்மூர் லேபில் எண்ணெய் 40-க்குக் கீழே இறங்க அடம்பிடிக்கும். 80-லிருந்து 45 வரை எடுத்தாலே கோடு வரைய போதும்.

0.7-ஐ முதலில் எழுதிவிட்டு ரீடிங்கைப் பின்னாலிருந்து 'தயாரிக்கும்' ரெக்கார்டுக்கு முழு மார்க், நேர்மையான 0.64-க்குச் சிவப்பு மை. இந்த வழக்கம் என்றைக்குத்தான் ஒழியுமோ!

ஜெர்மானியம் கிடைக்கவில்லை என்று 1என்4007 என்ற சிலிக்கான் டையோடை மாட்டாதீர்கள். சிலிக்கானின் ரிவர்ஸ் கரன்ட் நானோ ஆம்பியர் அளவு, மைக்ரோ அம்மீட்டர் முள் அசையாது. நுண்ணிய மீட்டரில் அளந்தாலும் பெரும்பகுதி சந்தியின் வெறுமைப் பகுதியில் (நகரும் மின்னூட்டங்கள் இல்லாத மெல்லிய அடுக்கில்) பிறக்கும் கரன்ட் என்பதால், சரிவு பாதி இடைவெளிக்குப் பக்கத்தில்தான் காட்டும்.