வெசிக்கிளுக்குள் இருந்ததா, ஒட்டிக்கொண்டு வந்ததா?

கேள்வி: ரத்த பிளாஸ்மாவிலிருந்து கிட் வைத்து எக்ஸோசோம்களை (செல்கள் வெளியே விடும் வெசிக்கிள் என்ற நுண்பைகளில் ஒரு வகை) பிரித்து, மூலக்கூறுகளை நிறை வைத்து அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்கில் ஓட்டினோம். புற்றுநோய் உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் சில சிறு மூலக்கூறுகளில் நல்ல வித்தியாசம் தெரிகிறது. பயோமார்க்கர் (நோயைக் காட்டும் அடையாளம்) என்று எழுதலாமா?

இப்போதைக்கு வேண்டாம். வித்தியாசம் உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அது வெசிக்கிளிலிருந்துதான் வந்தது என்பதற்கு உங்களிடம் இன்னும் ஆதாரம் இல்லை.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 100 நானோமீட்டர் விட்டமுள்ள வெசிக்கிளின் கொள்ளளவு சுமார் 0.5 அட்டோலிட்டர், அதற்குள் ஒரு மெட்டபோலைட் (வளர்சிதை மாற்றத்தில் வரும் சிறு மூலக்கூறு) 1 மில்லிமோலார் செறிவில் இருந்தாலும் ஏறக்குறைய 300 மூலக்கூறுகள்தான். அப்படி 1,000 கோடி வெசிக்கிள்களைச் சேர்த்தாலும் மொத்தம் 5 பிக்கோமோல் தேறும். ஆனால் சரியாகக் கழுவாமல் வெறும் 1 மைக்ரோலிட்டர் பிளாஸ்மா கூடவே வந்துவிட்டால், அதிலுள்ள குளுக்கோஸ் மட்டுமே 5 நானோமோல். ஆயிரம் மடங்கு!

கிட் என்கிறீர்களே, பி.இ.ஜி. (பாலிஎத்திலீன் கிளைக்கால்) என்ற பாலிமரைச் சேர்த்து வீழ்படிவாக்கும் வகையா? அது லிப்போபுரோட்டீனையும் (ரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் துகள்) ஆல்புமினையும் சேர்த்தே இழுத்துவிடும், போதாக்குறைக்கு ஸ்பெக்ட்ரத்தில் 44 டால்டன் இடைவெளியில் பி.இ.ஜி.யின் பீக்குகள் வரிசைகட்டி நிற்கும். துகள்களை அளவு வாரியாகப் பிரிக்கும் சைஸ் எக்ஸ்குளூஷன் காலம் (column) எவ்வளவோ மேல், ஆனால் கைலோமைக்ரான், வி.எல்.டி.எல். ஆகிய லிப்போபுரோட்டீன்கள் அளவில் வெசிக்கிளை ஒத்திருப்பதால் அதிலும் முழுசாகப் போகாது. சரி, அடர்த்திச் சரிவில் பிரிக்கலாம் என்று சுக்ரோஸை எடுத்தால், அந்தச் சர்க்கரையையும் பிறகு கழுவி எடுக்க வேண்டும்.

அதனால் சைஸ் எக்ஸ்குளூஷனுக்கு அப்புறம், வெசிக்கிளின் மேற்பரப்பிலுள்ள சி.டி.9, சி.டி.63, சி.டி.81 புரதங்களைப் பிடிக்கும் ஆன்டிபாடி பூசிய மணிகளால் வெசிக்கிள்களைப் பிடித்து, மணியில் இருப்பதையும் மிச்ச திரவத்தையும் தனித்தனியாகக் குளிர்ந்த மெத்தனாலில் பிரித்தெடுத்து ஓட்டுங்கள். மூலக்கூறு மணியோடு வந்தால் நம்பலாம், திரவத்திலேயே தங்கிவிட்டால் அது பெரும்பாலும் கொழுப்புத்துகளின் சரக்கு. வெறும் பஃபரையும் இதே வழியில் ஓட்டிப் பார்க்காமல் எதையும் நம்பாதீர்கள்.

ரத்தம் எடுத்த கதையையும் விசாரியுங்கள். குழாயில் ரத்தம் பிரிக்கப்படாமல் கிடந்தால் அணுக்கள் குளுக்கோஸைத் தின்று லாக்டேட்டைக் கக்கும், தட்டணுக்கள் வேறு புதிதாக வெசிக்கிள்களை விடும். நோயாளிகளின் குழாய் ஒரு மணி நேரமும் மற்றவர்களுடையது நான்கு மணி நேரமும் காத்திருந்தது என்றால், நீங்கள் பார்த்தது புற்றுநோயே இல்லை.

இன்னொன்று, பிரிக்காத பிளாஸ்மாவிலேயே இதே வித்தியாசம் தெரிகிறதா என்று பார்த்தீர்களா? தெரிந்தால், இவ்வளவு பாடுபட்டு வெசிக்கிளைப் பிரிப்பது எதற்கு என்றுதான் ரெவ்யூவர் முதலில் கேட்பார்.