வைக்கோலுக்குக் காஸ்டிக் சோடாவா, சுண்ணாம்பா?

கேள்வி: சாண எரிவாயுக் கலனில் நெல் வைக்கோலையும் நறுக்கிப் போடுகிறேன். அது மிதந்து மேலே ஏடாகக் கட்டிக்கொள்கிறது, வாயுவும் கூடவில்லை. காஸ்டிக் சோடாவில் ஊறவைத்துப் போடலாமா?

பதில்: வேலை செய்யும்தான். ஆனாலும் நான் சுண்ணாம்பைத்தான் சொல்வேன்.

வைக்கோலில் பாதிக்கு மேல் செல்லுலோஸும் ஹெமிசெல்லுலோஸும். நுண்ணுயிர்களுக்கு அதுதான் சாப்பாடு. அதை லிக்னின் என்ற கெட்டியான, எளிதில் மக்காத பொருள் இறுகப் பிடித்திருக்கிறது, மேலே மெழுகுப் படலம் வேறு. காஸ்டிக், சுண்ணாம்பு இரண்டுமே காரங்கள் (அமிலத்துக்கு எதிரானவை). காரம் பட்டால் லிக்னினையும் ஹெமிசெல்லுலோஸையும் கோத்திருக்கும் எஸ்டர் என்ற வேதிப் பிணைப்புகள் அறுந்து, தண்டு உப்பி, தண்ணீர் உள்ளே இறங்கும். மிதப்பதும் குறையும்.

சிக்கல் காஸ்டிக்கில் (சோடியம் ஹைட்ராக்சைடு) உள்ள சோடியத்தில். அந்தக் காலத்தில் ஜெர்மனியில் காஸ்டிக்கில் ஊறிய வைக்கோலை நன்றாக அலசிய பிறகே மாட்டுக்குப் போட்டார்கள். கலனுக்குப் போவதை யார் அலசப்போகிறார்கள்? கணக்குப் போட்டுப் பாருங்கள்: 10 கிலோ வைக்கோலுக்கு 5 சதவீதம் என்றால் 500 கிராம் காஸ்டிக், அதில் சுமார் 290 கிராம் சோடியம். தினமும் 50 லிட்டர் கரைசலில் இப்படிக் கலந்து ஊற்றினால் கலன் மெல்ல மெல்ல லிட்டருக்கு 5.8 கிராமை நோக்கிப் போகும். 3.5 கிராமைத் தாண்டினாலே மீத்தேன் நுண்ணுயிர்கள் சுணங்கத் தொடங்கும்.

சுண்ணாம்பில் இந்தத் தொல்லை இல்லை. தண்ணீரில் சரியாகக் கரையாது என்பதால் வேலை மெதுவாக நடக்கும், அவ்வளவுதான். 10 கிலோ வைக்கோலுக்கு 600 கிராம் நீற்றிய சுண்ணாம்பு, பிசைந்தால் கையில் ஈரம் கசியும் அளவு தண்ணீர். பிளாஸ்டிக் பீப்பாயில் அமுக்கி, காற்றுப் புகாமல் மூடி, ஒரு வாரம் பத்து நாள் விடுங்கள். வைக்கோல் மஞ்சளித்து, முறுக்கினால் முறியாமல் துவளும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். ஊறிய நீர் தோலை அரிக்கும்.

திறந்து கிடந்த பழைய சுண்ணாம்பு வேண்டாம். ஒரு சிட்டிகையில் வினிகர் விட்டுப் பாருங்கள். நன்றாக நுரைத்தால் அது கார்பனேட்டாகிவிட்டது, வைக்கோலை ஒன்றும் செய்யாது.

வைக்கோலை யூரியாக் கரைசலில் ஊறவைக்கும் முறை தீவனத்துக்குச் சரி. சாணம் போகும் கலனுக்குத் தேவைப்படாது. அமிலத்தில் பதப்படுத்துவது உயர்வெப்பத்தில் நடக்கும் ஆலை வேலை, அதைத் தொடாதீர்கள்.

ஊறியதைச் சாணக் கரைசலில் கலந்து பிஎச் தாளால் (அமில, காரத் தன்மையை நிறத்தால் காட்டும் தாள்) பாருங்கள். 8-க்கு மேல் காட்டினால் இன்னும் சாணம் சேருங்கள். முதல் வாரம் வழக்கமான வைக்கோலில் கால் பங்கு போதும். அதற்கு முன் இப்போதுள்ள ஏட்டை வாரி எடுத்துவிடுங்கள். கலனைத் திறக்கும்போது பக்கத்தில் நெருப்பு இருக்கக் கூடாது, தலையை உள்ளே நீட்டவும் கூடாது.