சரக்கறைச் சியூஸ்

அன்புள்ள ஐயா,

கிரேக்கத்தில் சிலர் வெள்ளை அங்கி அணிந்து சியூஸை வழிபடும் காணொளி பார்த்தேன். 1600 ஆண்டுகளுக்கு முன் அறுந்துபோன மதத்தை மறுபடி ஒட்டவைக்க முடியுமா? இது வெறும் இனப்பெருமைதானே? கோயிலும் பூசாரியும் இல்லாமல் என்ன மதம்? உயிர்ப்பலி உண்டா?

ர.

அன்புள்ள ர.,

சில நாட்களாக மனதில் ஓடிக்கொண்டிருந்த விஷயம், அதனால் உடனே எழுதுகிறேன்.

ஏதென்ஸின் ஒலிம்பியச் சியூஸ் கோயிலில் 2007 ஜனவரியில் தடையை மீறித்தான் சடங்கு செய்தார்கள். 2017-இல் அரசே இதை 'அறியப்பட்ட மதம்' என்று ஏற்றுவிட்டது. இனப்பெருமைக்காரர்கள் உண்டு. எந்த மதத்தில் இல்லை? விடுங்கள்.

ஆனால் கோயில் இல்லாமல் என்ன மதம் என்கிறீர்களே, காணொளி பார்த்தே மதத்தை எடைபோடும் இந்தப் பழக்கம்தான் எரிச்சலூட்டுகிறது. பழைய ஏதென்ஸில் அர்க்கோன் என்ற உயர் அதிகாரி பதவிக்கு வருபவரிடம் அப்பன், பாட்டன் பெயரோடு, முற்றத்துச் சியூஸின் பீடம் எங்கே என்றும் கேட்டார்கள். கிரோன் என்பவரின் சொத்து வழக்கில், "சியூஸ் க்டீசியோஸுக்குப் படைக்கும்போது தாத்தா வெளியாரைச் சேர்க்கமாட்டார், எங்களைச் சேர்த்துக்கொண்டார்" என்பது பேரன் தரப்பு காட்டிய சான்று. அடையாளம் வீட்டுச் சடங்கில் இருந்தது, ஐயா! தூண்களுக்கு நடுவில் அல்ல.

இந்த க்டீசியோஸ் சரக்கறைச் சாமி. அவருக்கு ஒரு ஜாடி போதும். முறையை அதினயோஸ் என்ற பழைய கிரேக்க எழுத்தாளர் எடுத்தெழுதியிருக்கிறார்: இரண்டு காதும் மூடியும் உள்ள புது ஜாடி. காதுகளில் வெள்ளைக் கம்பளி நூல். பிறகு ஏதோ மஞ்சள் நிறத்தில் கட்டவேண்டும். அந்த இடத்தில் மூலம் சிதைந்திருக்கிறது, ஆளுக்கொரு விதமாகக் கட்டுகிறார்கள். உள்ளே சுத்தமான தண்ணீர், ஆலிவ் எண்ணெய், பலவகைக் கனியும் தானியமும். இந்தக் கலவைக்குத்தான் அம்ப்ரோசியா என்று பெயர்.

அளவு சொல்லப்படவில்லை. அரை லிட்டர் ஜாடிக்கு முக்கால் பங்கு தண்ணீர், ஒரு கைப்பிடி தானியம், மேலே விரற்கடை எண்ணெய் என்று வைத்துக்கொள்ளலாம். ஆர்வத்தில் அத்திப்பழத்தைத் திணித்தால் ஊறி உப்பி எண்ணெய்க்கு மேலே தலைநீட்டும். பூஞ்சை அங்கேதான் பிடிக்கும். ஊறுகாய் ஜாடியில் நடப்பதேதான். மெருகிடாத மண்ஜாடியென்றால் எண்ணெய் கசிந்து தட்டையே பாழாக்கும். மூடியை இறுக்கினால் கோடையில் புளித்துப் பொங்கும்.

இன்று பலர் நூமேனியா அன்று, அதாவது மாதப்பிறப்பில், பழையதைக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புகிறார்கள். பிறை கண்ணில் படும் மாலையில் மாதம் பிறக்கிறது. அமாவாசையைக் கணக்கிட்டு வைப்பவர்களுக்கு ஒன்றிரண்டு நாள் முந்திவிடும். இதற்காகவும் சண்டை போட்டுக்கொள்கிறார்கள், பாவம்.

பலி? பெரும்பாலோர் கொடுப்பதில்லை. தூபம், பார்லி, தண்ணீர் கலந்த ஒயின், அவ்வளவுதான்.