பெட்டி மேல் 1200 வாட், உள்ளே எவ்வளவு?

கேள்வி: நல்ல கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் ஒன்று சொல்லுங்கள். (ஊர் எழுதவில்லை)

எவ்வளவு பணம், எவ்வளவு பெரிய அறை, பாட்டா கேமா, ஒன்றும் எழுதவில்லை. ஜோசியரிடம் போனால்கூடப் பிறந்த நேரம் கேட்பார்.

கேள்வி: 3000 ரூபாய்க்குள் 2.0 வாங்கவா, 2.1 வாங்கவா? (சேலம்)

பாட்டும் பேச்சும் என்றால் 2.0, அதாவது இரண்டு பெட்டி மட்டும். 2.1 என்றால் கூடவே பேஸுக்கென்று சப்வூஃபர் பெட்டி ஒன்று வரும். இந்த விலை சப்வூஃபர் பெரும்பாலும் ஒரே சுருதியில் 'தும் தும்' என்று அடிக்கும். மிருதங்கத்தின் தொப்பியும் பேஸ் கிதாரும் ஒன்றுபோலக் கேட்கும். கடையில் கேட்கும்போது பேஸ் குமிழை நடுவில் வைக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் அதை முழுசாகத் திருப்பித்தான் வைத்திருப்பார்.

கேள்வி: யூஎஸ்பி ஸ்பீக்கர், 900 ரூபாய், பெட்டியில் 1200 வாட் பி.எம்.பி.ஓ. என்று இருக்கிறது. வாங்கலாமா? (திண்டுக்கல்)

மறுபடியும் பி.எம்.பி.ஓ.வா! எத்தனை தடவை எழுதுவது? ஒரு கணம் எட்டும் உச்ச வாட் என்று சொல்லிக்கொள்வார்கள், ஆனால் அதை இப்படித்தான் அளக்க வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. அச்சடிப்பவர் மனசுதான் அளவுகோல். கல்லூரி நாட்களில் நானும் பெட்டியைப் பார்த்து ஏமாந்தவன்தான். ஒரு நாள் திறந்து பார்த்தேன், டிரான்ஸ்ஃபார்மர் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு.

நீங்களே கணக்குப் போடுங்கள். சாதாரண யூஎஸ்பி 2 போர்ட் கொடுப்பது 5 வோல்ட், அரை ஆம்பியர். பெருக்கினால் 2.5 வாட். யூஎஸ்பி 3 என்றாலும் 4.5தான். மீதி ஆயிரத்துச் சொச்சம் வாட் எங்கிருந்து வரும், கிணற்றிலிருந்தா? கிரியேட்டிவ் பெபிள் மாதிரி யூஎஸ்பி ஸ்பீக்கர் 4 வாட் சொச்சம் என்றுதான் போட்டுக்கொள்கிறது. அடாப்டரில் ஓடுவதென்றால் அடாப்டரின் முதுகைப் பாருங்கள். 12 வோல்ட், 1.5 ஆம்பியர் என்றிருந்தால் மொத்தமே 18 வாட், அதிலும் ஒரு பங்கு சூடாகப் போகும்.

அப்புறம், வாட் இரட்டிப்பானால் சத்தம் இரட்டிப்பாகாது. 3 டெசிபல் ஏறும், காதுக்குக் கொஞ்சம் கூடினாற்போல இருக்கும், அவ்வளவுதான். இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய 10 மடங்கு வாட் வேண்டும். இரண்டடி தள்ளி உட்கார்ந்து கேட்கிறவருக்கு 10 வாட் ஆர்.எம்.எஸ்., அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட், தாராளம். ஆர்.எம்.எஸ். போடாத பெட்டியைக் கையில் எடுக்காதீர்கள்.

கேள்வி: புது ஸ்பீக்கரில் பாட்டு குடத்துக்குள் பாடுவதுபோல் இருக்கிறது. மாற்றித் தருவார்களா? (நாகர்கோவில்)

எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. சுவர் மூலையில்தானே? மூலை பேஸை ஊதிப் பெரிதாக்கும். ஒரு சாண், முடிந்தால் ஒரு முழம் முன்னால் இழுங்கள். ட்வீட்டர் (கீச்சுச் சத்தம் தரும் சின்னக் கூம்பு) காது உயரத்துக்கு வரட்டும், அடியில் பழைய டைரிகளைக் கொடுத்துத் தூக்கினாலே போதும். இரண்டு பெட்டியும் உங்கள் தலையும் சமபக்க முக்கோணமாக இருக்க வேண்டும். பேஸ் குமிழ் நடுவில்தானே இருக்கிறது? அதையும் பாருங்கள்.

கேள்வி: லேப்டாப் சார்ஜரைச் சொருகினால் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று இரைச்சல். (மதுரை)

சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றால் ஸ்பீக்கரில் கோளாறு இல்லை, பெரும்பாலும் எர்த் வழி வரும் தொல்லை. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போட்டுப் பாருங்கள். அடங்காவிட்டால் ஆடியோ வயரின் நடுவே கிரவுண்டு லூப் ஐசோலேட்டர் போடுங்கள், சில நூறு ரூபாய்தான் ஆகும். எர்த் பின்னை மட்டும் உடைக்காதீர்கள். இரைச்சல் நிற்கும்தான். ஒரு நாள் ஷாக் அடிக்கும்.

கேள்வி: புளூடூத்தா, வயரா? (கோவை)

புளூடூத்தில் சத்தம் கொஞ்சம் தாமதமாக வரும். படத்துக்குப் பரவாயில்லை, அந்தத் தாமதத்தைப் பல பிளேயர்கள் ஈடுகட்டிவிடும். கேமுக்கும் கீபோர்டு வாசிக்கவும் வயர்தான்.

கேள்வி: 15 வருடப் பழைய ஸ்பீக்கர், கூம்பு ஓரத்து ஃபோம் உதிர்கிறது. (கடலூர்)

நல்ல பெட்டி என்றால் ஓரத்தை மட்டும் மாற்றி ஒட்டித் தருகிற ரிப்பேர்காரர் இருக்கிறார். பெட்டியில் பி.எம்.பி.ஓ. என்று போட்டிருந்தால் காயலான் கடை.