மரங்களை எண்ணப் போகிறேன் என்கிறாள் மகள்: ஒரு தாய்க்குப் பதில்

வணக்கம் அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பள்ளிப் படிப்பை முடித்த மகள், வெப்பமண்டலக் காடுகளில் மர வகைகள் ஏன் கூடுகின்றன, ஏன் குறைகின்றன என்று ஆராயப் போவதாகச் சொல்கிறாள். “மரத்தை எண்ணிக்கொண்டு திரிய யார் சம்பளம் கொடுப்பார்கள்?” என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். சம்பளத்துக்கு வருகிறேன். அதற்கு முன், அவளை எது இழுக்கிறது என்று நீங்கள் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

போர்னியோ தீவில் லம்பீர் என்ற காட்டில் 52 ஹெக்டேரை அளந்து வைத்திருக்கிறார்கள். அதற்குள் மட்டும் ஏறத்தாழ 1,200 மர இனங்கள். முதுமலையில் 1988 முதல் கண்காணிக்கும் 50 ஹெக்டேரில் இருப்பது எழுபது சொச்சம். பரப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான். அங்கே ஆண்டு முழுவதும் மழை. இங்கே மாதக்கணக்கில் வறட்சி, அவ்வப்போது தீ, கிளையை முறித்துப் பட்டையை உரிக்கும் யானைகள்.

மழையும் மண்ணும் மட்டும் கணக்கை முடித்துவிடுவதில்லை. சூழலியல் ஆய்வாளர்களான டேனியல் ஜான்சென் 1970-லும் ஜோசப் கானல் 1971-லும் தனித்தனியாக ஒரே விளக்கத்துக்கு வந்து சேர்ந்தார்கள். தாய்மரத்தடியில் குவியும் விதைகளையும் கன்றுகளையும், அந்த இனத்தையே தேடி வரும் பூச்சிகளும் பூஞ்சைகளும் தீர்த்துவிடுகின்றன. தள்ளிப் போய் விழுந்த விதை பிழைக்கிறது. அதனால் எந்த ஒரு மரமும் காட்டை வளைத்துப் போட முடியாது. சரி, விதையைத் தள்ளிக் கொண்டுபோய்ப் போடுவது யார்? இருவாச்சி, குரங்கு, பழம் தின்னும் வௌவால். வேட்டையில் இவை போய்விட்டால் பெரிய விதை மரங்களுக்கு வாரிசு குறைந்துவிடும். மரங்கள் நிற்கும், வெளியிலிருந்து பார்த்தால் பச்சையாகத்தான் தெரியும். 1992-ல் கென்ட் ரெட்ஃபோர்ட் என்ற ஆய்வாளர் இதற்கு ‘வெறுமைக் காடு’ என்றே பெயர் வைத்தார்.

அதற்காக மனிதர் கால் பட்டாலே காடு கெட்டுவிடும் என்றும் இல்லை. அமேசானில் பழைய குடியிருப்புகள் இருந்த இடங்களைச் சுற்றி பிரேசில் கொட்டை, கோகோ, பனை வகைகள் என்று அந்த மக்கள் பேணி வளர்த்த மரங்கள் இன்றும் அதிகம் நிற்பதாக 2017-ல் வந்த ஒரு பெரிய ஆய்வு காட்டியது. யாரும் தொடாதது என்று நாம் நினைத்த காட்டில் பல தலைமுறைகளின் கை இருக்கிறது. மனிதர் பங்கு எவ்வளவு, சூழலின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதுதான் உங்கள் மகள் நுழைய விரும்பும் துறை.

எண்ணும் வேலையை ஒரு தடவை கிட்டத்தில் பாருங்கள். பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் 50 ஹெக்டேருக்குள், ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு மேல் உள்ள ஒவ்வொரு மரத்துக்கும் எண் உண்டு. 1980-களின் தொடக்கத்தில் ஆரம்பித்த வேலை. சுமார் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட தண்டுகளைத் திரும்ப அளக்கிறார்கள். நெஞ்சளவு உயரம், அதாவது தரையிலிருந்து 1.3 மீட்டரில் டேப்பைச் சுற்ற வேண்டும். பலகை வேர் விரிந்த மரம் என்றால் ஏணி போட்டு வேருக்கு மேலே போய் அளக்க வேண்டும். பூவோ காயோ இல்லாத கன்றாக இருந்தால் இலையைக் கசக்கி முகர்ந்து, காம்பை ஒடித்துப் பால் வருகிறதா என்று பார்த்து, இலையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் புள்ளிகளைத் தேடிப் பெயர் சொல்ல வேண்டும். இப்படிப் பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் உலகம் முழுக்கவே குறைவு. அவள் பிழைப்புக்கு முதல் பலம் இதுதான் என்பேன்.

இரண்டாவது பலம் புள்ளியியல். பல வருடங்களுக்கு முன் ஒரு மாணவரிடம், கணக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் காட்டைக் கற்றுக்கொள் என்று சொல்லிவிட்டேன். முதுநிலையில் அவர் பட்ட பாடு எனக்கு இன்னும் உறுத்துகிறது. அதனால் தாவரவியலோ வனவியலோ எது எடுத்தாலும், முதல் ஆண்டிலிருந்தே புள்ளியியல், அந்தக் கணக்குகளைப் போட உதவும் ‘ஆர்’ (R) என்ற கணினி மொழி, இடம்சார்ந்த தகவலை வரைபடமாக்கி ஆராயும் ஜி.ஐ.எஸ். மூன்றையும் விடாமல் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். காட்டோரத்தில் வாழும் மக்களிடம் உட்கார்ந்து பேசும் பழக்கமும் வேண்டும். எந்தக் காடு எப்போது வயலாக இருந்தது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

இப்போது சம்பளம். வனத்துறை, ஆராய்ச்சி நிறுவனங்கள், உலர்த்திய செடி மாதிரிகளைச் சேர்த்து வைக்கும் உலர் தாவரகங்கள், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்யும் நிறுவனங்கள், காடு வளர்த்துக் கரியைச் சேமிக்கும் கார்பன் திட்டங்களைச் சரிபார்ப்பவர்கள், அழிந்த காட்டை மீட்கும் அமைப்புகள் எல்லாவற்றிலும் இடம் இருக்கிறது. மீட்புப் பணியை நான் குறிப்பாகச் சொல்வேன். காட்டை அழித்துப் பயிரிட்டு, பிறகு கைவிட்ட நிலத்தில் மண் பத்து ஆண்டுக்குள் தேறிவிடும், மர இனங்களின் எண்ணிக்கை திரும்பச் சில பத்தாண்டுகள் ஆகும், பழைய இனங்களே பழைய விகிதத்தில் வர 120 ஆண்டுக்கு மேல் பிடிக்கும் என்று 2021-ல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. அப்படியானால் ஓரிடத்தில் கன்று நடுவதா, தானாக வளர விடுவதா? இந்த முடிவை எடுக்கத் தெரிந்த ஆள் எந்தத் திட்டத்துக்கும் தேவை.

ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன். ஆரம்ப வருடங்கள் பெரும்பாலும் இரண்டு, மூன்று ஆண்டு ஒப்பந்த வேலையாகவே இருக்கும். ஆராய்ச்சியில் நிலையான பதவிக்குப் பெரும்பாலும் முனைவர் பட்டம் கேட்பார்கள். முப்பது வயது வரை வருமானம் ஏறி இறங்கும். வீட்டுக்கு உடனே ஒரு சம்பளம் தேவை என்றால் அதை அவளிடம் இப்போதே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்.

பெண் பிள்ளையைக் காட்டுக்கு அனுப்பும் பயமும் உங்கள் கடிதத்தில் தெரிந்தது. களப்பணிக்குத் தனியாகப் போவதில்லை. உள்ளூர் வழிகாட்டியோடு குழுவாகத்தான் போவது வழக்கம். ஆனாலும் சேரும் இடத்தில் கேளுங்கள்: காப்பீடு உண்டா, அவசரத்தில் தொடர்புகொள்ள என்ன வழி, புகார் சொல்ல யார் இருக்கிறார்கள்? தயங்காமல் பதில் சொல்லும் இடமாகப் பாருங்கள்.

விண்ணப்பம் போடும் முன் மூன்று மாதம் ஒரு சோதனை வையுங்கள். அவள் தினமும் கடந்துபோகும் பத்து மரங்களைத் தேர்ந்தெடுக்கட்டும். வாரம் ஒருமுறை இலை, பூ, காய், வந்துபோகும் பறவை, யாராவது வெட்டிய கிளை எல்லாவற்றையும் தேதியோடு எழுதட்டும். நீங்கள் நினைவூட்ட வேண்டாம். ஐந்தாவது வாரத்தில் நோட்டு தானாக நிரம்புகிறதா என்று மட்டும் பாருங்கள். அடுத்த முறை இருவரும் வரும்போது அந்த நோட்டையும் எடுத்து வாருங்கள். எந்தப் படிப்பு என்று அதை வைத்துக்கொண்டு பேசுவோம்.