கீழ் ஸ்தாயியில் காற்றிரைச்சல்

வணக்கம். புல்லாங்குழலில் மேல் ஸ்தாயி (உயர்ந்த சுரங்கள்) தெளிவாக ஒலிக்க, கீழ் ஸ்தாயியில் (தாழ்ந்த சுரங்களில்) மட்டும் இரைச்சல் கலப்பதாகவும், பலமாக ஊதியும் பயனில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். பலமாக ஊதுவதுதான் இங்கே கெடுக்கிறது. காற்றின் வேகம் கூடினால் சுரம் மேல் ஸ்தாயிக்குத் தாவப் பார்க்கும், இதழ்களின் இடைவெளி அகன்றிருந்தால் ஊதுதுளையின் எதிர்விளிம்பில் சரியாகப் படாத காற்று வெறும் இரைச்சலாகவே கேட்கும்.

இடைவெளியைச் சுருக்கி, தாடையைத் தளர்த்தி, காற்றைச் சற்றே கீழ்நோக்கிச் செலுத்துங்கள். நன்றாக ஒலிக்கும் ஒரு சுரத்தை நீட்டிப் பிடித்து, அதே நாதம் மாறாமல் அடுத்தடுத்த கீழ்ச் சுரத்துக்கு இறங்கிப் பழகுங்கள். குழலை இம்மியளவு உள்ளும் வெளியும் உருட்டினால் நாதம் திரளும் இடம் செவிக்கே பிடிபடும்.

துளைகளை மூட மூட இரைச்சல் கூடுகிறதென்றால், உதட்டைக் குறை சொல்லுமுன் விரல்களுக்கடியில் காற்றுக் கசிகிறதா என்று பாருங்கள்.